புகாரே வராத ஆபீஸ்

"எங்க டீம்ல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை சார்" என்று பெருமையாகச் சொல்லும் மேலாளரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

1990-களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக இயங்கும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது; அங்கேதான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அங்கே நர்ஸுகள் பயமில்லாமல் வாய் திறந்தார்கள். கடுகடுத்த தலைமை உள்ள இடங்களில் தவறுகளை அமுக்கினார்கள். வாய் திறந்தால் தண்டனை இல்லை என்ற அந்த நம்பிக்கையைத்தான் 1999-ல் வந்த அவருடைய கட்டுரை 'உளவியல் பாதுகாப்பு' என்கிறது.

நம் ஆபீஸ் மீட்டிங்கை நினைத்துப் பாருங்கள். "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" உடனே எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். போன வாரம் கேள்வி கேட்ட பெண்ணை, "மேடம் ரொம்பப் படிச்சவங்க" என்று நக்கலடித்தது யாருக்கும் மறந்திருக்காது. கேள்விகள் டீக்கடைக்குப் போய்விடும்.

இதே மௌனத்தில்தான் பாலியல் சீண்டலும் ஒளிந்துகொள்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டு இந்தியச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்கும் குறைவான இடமா, முதலாளி மேலேயே புகாரா? மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ விடுப்போ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெறும் திட்டு, அவமானப்படுத்தல் என்றால் இவ்வளவு தெளிவான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. இது பெரிய ஓட்டை. 20 தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அங்கே எழுதிக் கொடுக்கலாம். மனம் தாங்கவில்லையா, 14416-ல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

எதுவானாலும் தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம், சொந்த நோட்டில். பாலியல் புகாருக்குக் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம்.