உப்பில்லாத காய்கறிப் பொடி: வீட்டிலேயே செய்யலாம், ஆனால் ஈரம் கூடாது

சாம்பார், சூப், மீ கோரேங் எதுவானாலும் கடைசியில் ஒரு சுவையூட்டிக் கட்டியை உதிர்த்துப் போடுவது பல வீடுகளில் பழகிவிட்டது. அந்தப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். உணவுப் பொருள்களில் எது எடை அதிகமோ அதுவே பட்டியலில் முதலில் அச்சிடப்படும். பெரும்பாலான கட்டிகளில் முதலிடம் உப்புக்குத்தான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டில் பெரியவர்களில் சுமார் 29 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. உப்பைக் குறைத்தும் சுவை குறையாமல் சமைக்க, காய்கறிப் பொடி கைகொடுக்கும்.

தேவையானவை

கேரட் அரை கிலோ, பெரிய வெங்காயம் அரை கிலோ, செலரி 2 தண்டு, பூண்டு ஒன்று, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, சீனக் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த காளான் 20 கிராம். குழம்புக்குக் கெட்டியான சுவை தருவது காளான்தான்.

செய்முறை

காய்களை 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்கவும். கேரட்டையும் செலரியையும் மட்டும் கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, துணியில் ஒற்றவும். நிறம் மங்காது. தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, அடுப்பை (ஓவன்) 60 முதல் 70 டிகிரியில் வைத்து, கதவைச் சற்றுத் திறந்தே விடவும். 6 முதல் 10 மணி நேரம் ஆகலாம். இடையிடையே புரட்டவும். 1 கிலோ காய் காய்ந்தால் ஏறத்தாழ 100 கிராம்தான் மிஞ்சும்.

ஓவன் இல்லாதவர்கள் நல்ல வெயிலில் வலை போட்டு மூடிக் காய வைத்து, மழைக்கு முன் உள்ளே எடுத்து, வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்து முடிக்கலாம்.

வற்றல் வேறு, இது வேறு

சுண்டைக்காய் வற்றலும் மோர் மிளகாயும் கெடாமல் இருப்பதற்கு உப்பும் ஒரு காரணம். இந்தப் பொடியில் உப்பு இல்லை. காய்ச்சல் மட்டுமே காவல். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

ஆறிய பிறகு ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். உடனே அரைக்காமல் கண்ணாடிப் போத்தலில் ஒரு வாரம் மூடி வைத்து, தினமும் குலுக்கவும். உள்ளே நீர் பூத்தால் மீண்டும் காய வைக்க வேண்டும். பிறகே அரைத்து, சிறு போத்தல்களில் தேதி எழுதி வைக்கவும். ஒன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றை உறைபெட்டியில் வைப்பது நல்லது. பூஞ்சையோ கெட்ட வாடையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது

ஆவி பறக்கும் சட்டிக்கு மேல் போத்தலைக் கவிழ்க்காதீர்கள். உலர்ந்த கரண்டியால் எடுத்து, கொதிக்கும் குழம்பில் ஒரு தேக்கரண்டி சேர்க்கவும். காய வைப்பதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை என்பதால் கொதிப்பது அவசியம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டால், வழக்கத்தைவிடக் குறைவே தேவைப்படும்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் சேர்க்க வேண்டும். காய்கறி வற்றும்போது அதிலுள்ள பொட்டாசியம் போய்விடுவதில்லை. சிறிதளவு பொடியிலேயே செறிந்து நிற்கும்.