இறக்கத்தில் சம்பாதிக்கும் கார்

தருமபுரி வழியாகச் சேலம் போகும் லாரிக்காரர்களிடம் தொப்பூர் கணவாயைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது எப்படியும் ‘நியூட்ரலில்’ வந்து நிற்கும். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலை சரியத் தொடங்குகிறது. கியரைக் கழற்றிவிட்டால் வண்டி தானாக உருளும், கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால், இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் முழுக்க பிரேக்கின் தலையில் விழுகிறது. டிரம் சூடேறிவிட்டால் மிதித்தும் பயனில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்தக் கணவாயில் கட்டுப்பாடிழந்த லாரிகள் முன்னால் இருந்த வண்டிகள் மீது மோதி, இரண்டு முறையும் நாலு நாலு உயிர்கள் போயின. கணவாயில் உள்ள இரட்டைப் பாலம் என்றாலே இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஸ்டியரிங்கில் பிடி இறுகும்.

அதே இறக்கத்தில், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஒரு ஹைபிரிட் காரை ஓட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. இங்கே நியூட்ரல் போட்டால்தான் நஷ்டம். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் ‘என்’ நிலையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ‘டி’யிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தருகிறது. திரையில், சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓர் அம்புக்குறி ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மெதுவாகத் தொட்டால் முதலில் வேலை செய்வது பிரேக் பேடு அல்ல, இந்த ஜெனரேட்டர்தான். பேடு தேய்வது குறைகிறது, வீணாகச் சூடாகிப் போக வேண்டியது மின்சாரமாகச் சேர்கிறது.

ஆனால், கணவாய் பெரிது, பேட்டரி சிறிது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டுகளில் இருப்பது சுமார் 0.76 கிலோவாட் மணி பேட்டரி. நம் வீட்டு மின் கணக்கில் ஒரு யூனிட் கூட இல்லை. அதிலும் அடியில் கொஞ்சம், மேலே கொஞ்சம் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு நடுப்பகுதியில்தான் கார் புழங்குகிறது. காரும் ஆட்களுமாக ஒன்றரை டன் எடை 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 0.4 யூனிட்டுக்குச் சற்று மேல். காற்றும் டயரும் அதில் தம் பங்கைத் தின்றுவிடும். அப்படியும் நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துபோக வாய்ப்புண்டு. நிறைந்த பின் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? அதற்கென்றே லீவரில் ‘பி’ என்ற நிலை இருக்கிறது. பெட்ரோல் எரிக்காமல் இன்ஜினைச் சுழலவிட்டு, அதையே முட்டுக்கட்டையாக்குகிறது கார். திடீரென்று உறுமல் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், “என்னாச்சு?” என்பார். ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரர் செகண்ட் கியரில் இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதைத்தான் கார் செய்கிறது.

முதல் முறை ஓட்டுபவரைக் குழப்புவது இறக்கமல்ல, கிளம்புவதுதான். பட்டனை அழுத்தினால் கர்ர்ர் என்ற சத்தமே வராது. ‘ரெடி’ என்று பச்சை எழுத்து மட்டும் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தி அணைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். ஓரத்தில் நிறுத்திய டீக்கடையில், “சார்ஜ் எங்கண்ணா போடறது? எத்தன மணி நேரம் ஆவும்?” என்று கேட்டார்கள். இதற்குப் பிளக்கே கிடையாது, பெட்ரோல் மட்டும் போட்டால் போதும் என்றதும், “அப்புறம் எதுக்கு பேட்டரி?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. நீங்கள் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் தூக்கி எறிவதைப் பொறுக்கி வைத்துக்கொள்ளத்தான்.

அந்தப் பொறுக்கலுக்கு ஊருக்குள் வேலை அதிகம். தருமபுரி நான்கு ரோட்டில் சிக்னல் விழுந்தால் இன்ஜின் அணைந்துவிடும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது. சித்திரை வெயிலில் இது ஒன்றுக்காகவே காரைப் பிடித்துப்போகும். சந்தை நாளில் மட்டும் வேறு தொல்லை. மோட்டாரில் ஊர்ந்து போகும்போது சத்தம் மிகக் குறைவு என்பதால் முன்னால் நடப்பவர் விலக மாட்டார். ஹாரன் அடித்தால், பேய் வந்து நின்றதுபோலத் திரும்பிப் பார்த்துத் திட்டுவார்.

ஏறும்போது வேறு முகம். சேலத்திலிருந்து திரும்பி அதே கணவாயில் ஏறினால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிட, மூன்று சிலிண்டர் இன்ஜின் தனியாக மூச்சுவாங்குகிறது. கியர் மாறும் தாளம் கிடையாது. சத்தம் ஒரே சுருதியில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்க, வேகம் பின்னாலிருந்து மெதுவாக வரும். டீசல் காரின் இழுவைக்குப் பழகிய கால்களுக்கு இது ருசிக்காது. கிருஷ்ணகிரி பக்கம் நாலு வழிச்சாலையில் நூறில் போய்க்கொண்டே இருந்தாலும் ஹைபிரிட்டுக்குப் பெரிய மகிமை இல்லை. பிரேக் இல்லாத இடத்தில் எதைப் பொறுக்குவது? பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுச் சாலைதான் இதற்கு ஏற்ற மைதானம்.

உண்மையில், நம் ஊரில் ‘சின்ன’ ஹைபிரிட் என்று ஒன்று இன்னும் வரவில்லை. ஹைரைடர் பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் தயாராகிறது. 4.3 மீட்டருக்கு மேல் நீளம், 1.5 லிட்டர் இன்ஜின். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இதற்கு 40. முழு மின்சாரக் காருக்கோ 5. குட்டி ஹைபிரிட்டை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கைக்குப் போக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்வாவும் ஹோண்டா ஃபிட்டும் கொழும்பில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் சாதாரணக் காட்சி. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். பேட்டரியைப் பிரித்துப் பார்க்கவே பயப்படும் நம் மெக்கானிக்குகள் அங்கே போய் ஒரு வாரம் உட்கார்ந்து வரலாம்.

பேட்டரிக்குக் கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதைவிடச் சீக்கிரம் கழுத்தறுப்பது 12 வோல்ட் சாதாரண பேட்டரிதான். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அது படுத்துவிடும், தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தையும் இங்கே பலிக்காது. பல ஹைபிரிட்டுகளில் பின்சீட்டருகே பேட்டரிக்குக் காற்று போகும் துளை உண்டு. கல்யாண வீட்டுப் பைகளை அதன்மேல் அடுக்கி மூடிவிடக் கூடாது.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட்டுகளுக்குக் காகிதத்தில் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். நிஜச் சாலையில் 22 கிடைக்கிறது, சாதாரணப் பெட்ரோல் கார் 15 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டு லிட்டர் சொச்சம், லிட்டர் நூறு ரூபாய் என்றால் இருநூற்றுப் பத்து ரூபாய். ஹைபிரிட்டுக்காக இரண்டரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் தினமும் வேலையாக அலைபவருக்கு இது நாலைந்து வருஷ விவகாரம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சேலம் போய்வர மட்டும் கார் எடுப்பவர், அந்த இரண்டரை லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டு சாதாரணக் காரையே வாங்கலாம். அதிலும் தொப்பூரில் இறங்கும்போது நியூட்ரல் மட்டும் வேண்டாம்.