காலியாக விடப்பட்ட நான்கு இடங்கள்

மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைத் திறந்து மதர்போர்டைப் பார்த்தால், மெமரி சிப்கள் நான்கு இருக்கும். பெரும்பாலான பதிப்புகளில் அதே அளவில் இன்னும் நான்கு இடங்கள் காலியாகக் கிடக்கும். கேம் உருவாக்குபவர்களுக்கான பெட்டிகளில் அவற்றையும் நிரப்பி 128 எம்.பி. ரேம் தந்தார்கள். வீட்டுக்கு வந்தவற்றில் 64 எம்.பி.தான்.

அந்த 64-ம் ஒருவருக்கே சொந்தமில்லை. 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 233 மெகாஹெர்ட்ஸ் கிராபிக்ஸ் சிப்பும் அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 2004-இல் கணினிக்கு வந்த ‘டூம் 3’ குறைந்தது 384 எம்.பி. ரேம் கேட்டது, கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக 64 எம்.பி. வேறு. மறு ஆண்டே அது எக்ஸ்பாக்ஸிலும் ஓடியது என்றால், உழைத்தவர்களின் திறமையை என்னவென்று சொல்வது! களங்களைச் சிறிதாக்கி, படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துத்தான் அதைச் சாதித்தார்கள்.

2004 நவம்பரில் வந்த ‘ஹேலோ 2’-இல் இந்த நெருக்கடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். கதைக் காட்சி தொடங்கும்போது வீரனின் கவசம் மொழுமொழுவென்று தெரியும். ஒரு கணம் கழித்துத்தான் கீறல்களும் பளபளப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ரேமில் வைக்க இடமில்லாததால், தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து எடுத்துவருவதன் தாமதம் அது.

இதே கேமை 720பி தெளிவில் ஓடவைக்க ஆர்வலர்கள் வழி கண்டிருக்கிறார்கள். 640×480 திரையில் 3,07,200 பிக்ஸல்கள், 1280×720-இல் 9,21,600. சரியாக மூன்று மடங்கு. ஒரு பிக்ஸலின் நிறத்துக்கு 4 பைட், ஆழத்துக்கு 4 பைட், திரையில் தெரியும் படத்தின் பிரதிக்கு இன்னொரு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், முன்பு 3.7 எம்.பி. போதும், இப்போது 11 எம்.பி. தேவை. 64-இல் அதை எங்கே ஒதுக்குவது?

அதனால்தான் காலி இடங்களில் கை வைக்கிறார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் 100 கால்கள். அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு இடையே 0.65 மில்லிமீட்டர். ஈயம் இரண்டு கால்களை இணைத்துவிட்டாலோ ஒரு கால் ஒட்டாமல் போனாலோ மெமரி சோதனையில் பிழை காட்டும்.

சிப் ஒட்டினால் மட்டும் வேலை முடியாது. 64-க்கென்று எழுதப்பட்ட கேமுக்குப் புதிய இடம் இருப்பதே தெரியாது. நிரலைத் திருத்தி, டெக்ஸ்சர்களுக்கான ஒதுக்கீட்டைப் பெரிதாக்க வேண்டும். மெமரி என்பது இடம்தான், வேகம் அல்ல. மூன்று மடங்கு பிக்ஸல்களை வரையும் பாரம் அதே பழைய கிராபிக்ஸ் சிப்பின் தலையில்தான் விழுகிறது. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட். அதற்குள் முடியாவிட்டால் ஆட்டம் திக்கும். சிலர் சிப்பின் வேகத்தையும் கூட்டிப் பார்க்கிறார்கள். சூடும் கூடவே ஏறுகிறது.

பழைய எக்ஸ்பாக்ஸைத் திறப்பவர்கள், ரேமுக்கு முன்னால் கடிகாரத்துக்கான கெப்பாசிட்டரைப் பார்ப்பது நல்லது. மதர்போர்டின் 1.6-க்கு முந்தைய பதிப்புகளில் அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும்.