கெட்டி டீயை மறுத்தால் என்ன ஆகும்?

ஏப்ரல் 1, 2019 நெருங்க நெருங்க எனக்கு வந்த கடிதங்கள் கூடின. இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். பணத்தில் நடக்கும் மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் அதற்குள் விழுங்கச் சிரமப்படுவோருக்கான பழைய உணவு, பான அளவுகளைக் கைவிட்டு, ‘இட்சி’ (IDDSI) என்ற சர்வதேச அளவுகோலுக்கு மாறியாக வேண்டியிருந்தது. “அப்பா முதல் நிலையில்தான் இருந்தார், இப்போது இரண்டு என்று எழுதியிருக்கிறார்களே, நோய் முற்றிவிட்டதா?” என்பதே பலருடைய கவலையாக இருந்தது. இல்லை. பானங்களில் பழைய 1தான் புதிய 2. டீ அதே கெட்டிதான். இந்த மாற்றத்துக்குக் காரணமும் உண்டு. ‘மென்மையான உணவு’ என்று பொதுவாக எழுதிவைத்ததை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதால் இரண்டு ஆண்டுகளில் 7 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 2 பேர் இறந்ததாகவும் 2018 ஜூனில் வந்த எச்சரிக்கை அறிக்கை சொல்கிறது.

அடுத்த கேள்வி: கெட்டிப் பானத்தை இனி மறுக்கவே முடியாதா? 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை ஊற்றி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் புதிய சோதனை. அது கெட்டியை அளக்கும். குடித்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாது.

மறுப்பவரைப் பற்றிப் பேசுவது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். ஏட்டில் நல்ல சட்டம். யாருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். பிறர் கண்ணுக்கு விவேகமற்றதாகப் படுகிறது என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னதைப் புரிந்துகொண்டு, கொஞ்ச நேரமாவது நினைவில் வைத்து, சீர்தூக்கி, முடிவைத் தெரிவித்தால் போதும். ஆனால் கெட்டி டீயைத் தலையாட்டி வாங்கிக்கொள்ளும் பெரியவரின் திறனைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை. “இந்தக் கூழை நீயே குடி” என்று சொன்ன பிறகுதான் திறனைச் சோதிக்கும் படிவம் வருகிறது. சம்மதிப்பவருக்குச் சோதனை இல்லை, மறுப்பவருக்கு மட்டும் உண்டு.

சரி, எதை வைத்து அவர் சீர்தூக்குவார்? ‘பாதுகாப்பான விழுங்கல்’ என்பார்கள். எக்ஸ்ரே திரையில் மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகவில்லை என்பதே அதன் பொருள். நிமோனியா வராது என்று அர்த்தமில்லை. டிமென்ஷியா அல்லது பார்க்கின்சன் நோயுள்ள 515 பேரை மூன்று மாதம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. தாடையைத் தாழ்த்திச் சாதாரண பானம் குடித்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கும், கெட்டிப் பானம் குடித்தவர்களில் 11.6 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. வித்தியாசம் என்று சொல்லத்தக்க அளவு இல்லை. நீரிழப்போ சாதாரண பானம் குடித்தவர்களில் 2 சதவீதம், கெட்டிப் பானம் குடித்தவர்களில் 6 சதவீதம். இரண்டையும் செய்யாமல் விட்டவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறர் ஊட்டிவிடும் நிலை, வாயைச் சுத்தம் செய்யப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள் ஆகியவையே நிமோனியா வரக்கூடும் என்பதற்கு வலுவான முன்னறிகுறிகள் என்று 1998லேயே ஒரு ஆய்வு காட்டியிருந்தது.

இதையெல்லாம் மறைத்து, “நிமோனியா வரும்” என்று மட்டும் பயமுறுத்திவிட்டு, ‘சீர்தூக்கத் தெரியவில்லை’ என்று அவர் கோப்பில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு பானங்களுக்குத்தான். ரொட்டியோ இறைச்சித் துண்டோ தொண்டையை அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மறுத்ததாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் மருத்துவமனையின் பொறுப்பு முடிந்ததா? முடியாது, கவனிப்பு தொடர வேண்டும்.

மகன், மகள் முடிவெடுக்கலாமா? அப்பாவுக்குத் திறன் இருக்கும்வரை முடியாது.

வெறும் தண்ணீர்? வாயைச் சுத்தம் செய்தபின், சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் அனுமதிக்கும் முறை அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1984 முதல் இருக்கிறது. உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

ஐஸ்கிரீம்? வாயில் உருகினால் அதுவும் கெட்டியில்லாத பானம்தான்.

கெட்டியாக்கும் தூளைக் கட்டிலருகே வைக்கலாமா? கூடாது, தூளை அப்படியே விழுங்கி ஒருவர் இறந்த பிறகு 2015இலேயே எச்சரித்திருக்கிறார்கள்.