இளையோர் மனநலத்தில் பணிப் பகிர்வு

இளையோர் மனநலத்தில் பணிப் பகிர்வு என்பது, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் போதிய அளவில் இல்லாத இடங்களில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற பொதுநிலை ஆலோசகர்களைக் கொண்டு சிறார்க்கும் பதின்ம வயதினர்க்கும் உளவியல் உதவி வழங்கும் முறை ஆகும். பொதுநிலை ஆலோசகர் எனப்படுவோர் மனநலத் துறையில் பட்டம் பெறாதவர்கள். பெரும்பாலும் உள்ளூர் மக்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். உகாண்டா, இந்தியா, கென்யா முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் இம்முறை பயன் தரக்கூடியது எனக் காட்டியுள்ளன. எனினும் யார் உதவுகிறார், எத்தகைய உதவியை, எந்தச் சூழலில் வழங்குகிறார் என்பனவற்றைப் பொறுத்து விளைவுகள் பெரிதும் வேறுபடுகின்றன.

தேவை

மனநலக் கோளாறுகள் பெரும்பாலும் இளம் அகவையிலேயே தோன்றுகின்றன. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் ஏற்படும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 அகவைக்குள்ளும், முக்கால் பங்கு 24 அகவைக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16 இல் நடத்திய தேசிய மனநல அளவாய்வு, 13 முதல் 17 அகவையினருள் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. இந்த விகிதம் பெருநகரங்களில் கூடுதலாகக் காணப்பட்டது.

மனநல மருத்துவர்களோ எண்ணிக்கையில் குறைவு. அவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே பணிபுரிகின்றனர். தொலைவு, கட்டணம், பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய நிலை, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் ஆகியவை ஏழைக் குடும்பத்து இளையோரை மருத்துவமனைக்குச் செல்லவிடாமல் தடுக்கின்றன. மருத்துவர்களின் எண்ணிக்கையை உயர்த்தப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இருக்கும் ஆட்களைக் கொண்டே உதவ இயலுமா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே எழுந்தது.

தோற்றம்

பணிப் பகிர்வு என்னும் கருத்து மனநலத் துறைக்கு மட்டும் உரியதன்று. தாய் சேய் நலம், காசநோய் ஒழிப்பு போன்றவற்றில் ஊர்ப்புற நலப்பணியாளர்கள் நெடுங்காலமாகவே ஈடுபடுத்தப்பட்டு வந்துள்ளனர். மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் 2003 இல், மனநல மருத்துவர் இல்லாத இடங்களில் பணிபுரியும் நலப்பணியாளர்களுக்கென ஒரு கையேட்டை எழுதினார். அவர் 1996 இல் கோவாவில் பிறருடன் இணைந்து நிறுவிய சங்காத் என்ற அமைப்பு, இத்துறை ஆய்வுகளுக்கு முதன்மையான களங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

இளையோரிடையே நடந்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று வட உகாண்டாவில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர்க்கான முகாம்களில் நடைபெற்றது. பால் போல்ட்டன் குழுவினர் 2007 இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். இதில் 14 முதல் 17 அகவை வரையிலான 314 பேர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். உறவுச் சிக்கல்களைக் குழுவாக அமர்ந்து பேசித் தீர்க்கும் முறை ஒரு பிரிவுக்கும், படைப்பாற்றல் சார்ந்த விளையாட்டு மற்றொரு பிரிவுக்கும் வழங்கப்பட்டன. மூன்றாம் பிரிவினர் காத்திருப்போராக வைக்கப்பட்டனர். குழுப் பேச்சு முறை மனச்சோர்வைக் குறைத்தது. சிறுமியரிடம் இப்பயன் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு முறையில் அத்தகைய பயன் காணப்படவில்லை.

வழிமுறை

இத்திட்டங்கள் பலவற்றில் பின்வரும் கூறுகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

1. எளிமையாக்கம்: நீண்ட உளவியல் சிகிச்சையிலிருந்து இன்றியமையாத பகுதிகள் மட்டும் எடுக்கப்பட்டு, சில அமர்வுகளாகச் சுருக்கப்படுகின்றன.
2. உள்ளூர்த் தன்மை: நோய்ப் பெயர்களைத் தவிர்த்து, "கவலை", "மன அழுத்தம்" போன்ற வழக்குச் சொற்களிலேயே உரையாடல் நடைபெறுகிறது.
3. மேற்பார்வை: ஆலோசகர்களின் பணி தொடர்ந்து கவனிக்கப்பட்டுத் திருத்தப்படுகிறது. சில திட்டங்களில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அமர்வுகளை ஆலோசகர்கள் கூடிக் கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பிடுகின்றனர்.
4. படிநிலை: முதல் படியில் தேறாதவர்களும் உயிருக்கு ஊறு நேரும் நிலையில் இருப்பவர்களும் வல்லுநரிடம் அனுப்பப்படுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, சிக்கல் தீர்க்கும் முறையில் மாணவர் முதலில் தம்மை வருத்தும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வசிப்பதால் தேர்வுக்குப் படிக்க இயலவில்லை என்பது அச்சிக்கலாக இருக்கலாம். அடுத்து அதற்கான வழிகள் அனைத்தும் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுள் இயலக்கூடிய ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த அமர்வில் அதன் விளைவைப் பேசுகின்றனர். ஆலோசகர் தீர்வு கூறுவதில்லை. தீர்வு காணும் வழியையே பழக்குகிறார்.

இந்தியாவில் ஆய்வுகள்

சேஹர்

சங்காத் அமைப்பு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடத்திய ஆய்வு இது. முடிவுகள் 2018 இல் வெளியாயின. அரசு நடத்தும் 74 உயர்நிலைப் பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. சுவர் இதழ், மாணவர் தம் குறைகளை எழுதிப் போடும் பெட்டி, குழுக் கூட்டங்கள், தனி ஆலோசனை ஆகியவை அடங்கிய திட்டம் ஒரு பிரிவில் பொதுநிலை ஆலோசகராலும், மற்றொன்றில் பயிற்சி பெற்ற ஆசிரியராலும் நடத்தப்பட்டது. மூன்றாம் பிரிவில் வழக்கமான வாழ்க்கைத்திறன் கல்வி மட்டுமே இருந்தது.

ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு, வன்முறை, சக மாணவரைத் துன்புறுத்துதல் ஆகியவை குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியரின் பணிச்சுமையும், மதிப்பெண் இடுபவரிடம் மனம் திறந்து பேச மாணவர்க்கு உள்ள தயக்கமும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தால் போதும் என்ற பரவலான எண்ணத்தை இம்முடிவு ஐயத்திற்கு உள்ளாக்கியது.

பிரைட்

பிரைட் என்பது கோவாவிலும் புது தில்லியிலும் மேற்கொள்ளப்பட்ட சங்காத் ஆய்வுத் திட்டம் ஆகும். மேலே கூறப்பட்ட சிக்கல் தீர்க்கும் முறை இதில் படக்கதை நூல்களின் துணையுடன் கற்பிக்கப்பட்டது. தில்லியில் ஆறு அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் பயிலும் 251 மாணவர்கள் ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு ஆலோசகரின் நான்கைந்து அமர்வுகளும் படக்கதை நூல்களும், மற்றவர்க்கு நூல்கள் மட்டும் வழங்கப்பட்டன.

2020 இல் வெளியான முடிவுகளின்படி, ஆறு வாரங்களில் ஆலோசனை பெற்றவர்கள் தாமே குறிப்பிட்ட சிக்கல்களின் கடுமை கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் மனநல அறிகுறிகளின் பொது அளவீட்டில் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிக்கல்களின் கடுமையில் காணப்பட்ட பயன் ஓராண்டு வரை நீடித்தது. வகுப்பறையில் மனநலம் பற்றிய ஓர் அமர்வை நடத்தினால் உதவி நாடி வரும் மாணவர் எண்ணிக்கை பன்மடங்கு உயர்கிறது என்பதை இத்திட்டத்தின் மற்றோர் ஆய்வு காட்டியது.

பிற நாடுகளில்

கென்யாவில் டாம் ஆசுபோர்ன் முதலியோர் உருவாக்கிய திட்டம் சமிரி எனப்படுகிறது. சுவாகிலி மொழியில் இச்சொல் செழித்தல் என்று பொருள்படும். பள்ளிப்படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்களே இதில் குழுக்களை நடத்துகின்றனர். வாரத்திற்கு ஒன்றாக நான்கு அமர்வுகள் நடைபெறும். மனிதர் மாறவும் வளரவும் இயலும் என்ற நம்பிக்கை, நன்றியுணர்வு, தாம் போற்றும் விழுமியங்கள் ஆகியவை பேசுபொருள்கள். மனச்சோர்வோ பதற்றமோ உடைய 413 மாணவரிடையே நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், படிப்புத்திறன் பயிற்சி பெற்றவர்களைவிட சமிரி பிரிவினரிடம் இவை கூடுதலாகக் குறைந்தன.

இலங்கையின் வடபகுதியில் போரினால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 அகவையுடைய 399 சிறாரிடையே நடந்த ஆய்வு வேறான படிப்பினையைத் தந்தது. வைட்சே டோல் குழுவினர் 2012 இல் இதனை வெளியிட்டனர். ஐந்து வாரங்களில் 15 வகுப்பறை அமர்வுகள் நடத்தப்பட்டும் முதன்மை அளவீடுகளில் ஒட்டுமொத்தப் பயன் காணப்படவில்லை. போர் சார்ந்த அன்றாட நெருக்கடிகள் குறைவாக இருந்த சிறார் ஓரளவு பயன் பெற்றனர். சிறுமியரைப் பொறுத்தவரை, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் அமர்வில் பங்கேற்றவர்களைவிடக் காத்திருந்தவர்களிடமே மிகுதியாகக் குறைந்திருந்தது. நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் உதவியும் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாக உள்ளது.

வரம்புகள்

மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்களுக்குப் பணிப் பகிர்வு மருத்துவர்க்கு மாற்று ஆகாது. அடுத்த படியில் அனுப்ப வல்லுநர் இல்லாத இடத்தில் முதல் படியும் வலுவிழக்கிறது. வறுமை, வீட்டு வன்முறை, சாதிப் பாகுபாடு முதலியவற்றால் எழும் துன்பங்களைப் பேச்சினால் மட்டும் நீக்க இயலாது. ஆய்வுக்கான நிதி முடிந்தபின் ஆலோசகர்க்கு யார் ஊதியம் தருவது என்பதும் பல இடங்களில் தீராத சிக்கலாகவே உள்ளது.

இந்தியாவில் 2014 இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் மனநலத்தையும் உள்ளடக்கியது. 2022 இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையில் 14416 என்ற எண்ணின் வாயிலாகத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இவற்றையும் பார்க்க

மனச்சோர்வு
உளவியல் ஆலோசனை
வளரிளம் பருவம்
பொதுச் சுகாதாரம்