முழங்காலில் தொடங்கிய தாளம்

தமிழ்க் குழந்தைக்குத் தாளம் பழகியது மடியில்தான். சாய்ந்தாட வைத்த பாட்டு, கைவீசச் சொன்ன பாட்டு, காலில் உட்காரவைத்து ஆட்டிய பாட்டு எதற்கும் புத்தகம் கிடையாது. பாட்டியின் முழங்கால் ஆடும்; அதுவே தாளம். 'பூனை' இரண்டு ஒலி, 'கத்திரி' மூன்று ஒலி. இரண்டும் ஒரே ஆட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். சொல் கூடினாலும் குறைந்தாலும் முழங்காலின் வேகம் மாறாது. தட்டு வேறு, அதன்மேல் ஓடுகிற சொற்கட்டு வேறு என்பது 'தக', 'தகிட' என்று வாத்தியாரிடம் கேட்பதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

திண்ணைப் பள்ளியிலும் தாளம் இருந்தது, பிரம்போடு. சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். எண்சுவடி மனத்தில் ஏறியது. பொருளும் ஏறியதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்கலாம்.

பிறகு அச்சுக்கு வந்தது பாட்டு. கவிமணியும், இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய அழ. வள்ளியப்பாவும் பிள்ளைகளுக்கென்றே எளிய சந்தத்தில் பாடினார்கள். எதுகையும் மோனையும் அடியின் தலைப்பகுதியில் நிற்பதால், தட்டு எங்கே விழவேண்டும் என்று தமிழ்ப் பாட்டே காட்டிக்கொடுத்துவிடும். பாடத் தெரியாத அப்பாகூட அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கலாம்.

இன்று படத்துக்குக் குறைவில்லை. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்கள் வண்ணப் படக்கதைகளைத் தமிழில் தருகின்றன. 2015இல் வந்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. ஆனால் படக்கதைகளில் பல, வேறு மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தவை. சந்தத்தோடு பிறந்த கதையும் இங்கே உரைநடையாகிவிடுகிறது. இல்லாவிட்டால் 'ஓடியது, ஆடியது, தேடியது' என்று வரிக்கடைசியில் ஓசை ஒட்டவைக்கப்படுகிறது. தமிழ் வினைமுற்றுகள் பெரும்பாலும் ஒரேமாதிரி முடிபவை. அந்த இயைபு உழைக்காமலே கிடைக்கும். தாளம் அப்படிக் கிடைக்காது.

கைப்பேசிப் பாட்டில் தட்டு இம்மியும் பிசகாது. பிசகாததுதான் சங்கடம்: குழந்தை தடுமாறினால் அது நிற்காது. 2009இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகளை மேளம் தட்டவைத்தார்கள். இயந்திரத்தோடு தட்டியதைவிட, கூட உட்கார்ந்து தட்டிய மனிதரோடு அவர்கள் நன்றாக இணைந்து தட்டினார்கள். பாட்டிகளுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

படப் புத்தகத்துக்கு ஒரு வசதி உண்டு: பக்கம் திரும்பும்வரை பாட்டு காத்திருக்கும். அடுத்த சொல் எது என்று குழந்தை முந்திக்கொண்டு கத்துவது அந்த இடைவெளியில்தான். மடிக்கும் இந்த வசதி உண்டு, திரைக்குக் கிடையாது. எனவே பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். சந்தம் அறிந்த ஒருவரிடம் கொடுத்துத் தொடையில் தட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தட்டு இடறும் வரியைத் திருத்துங்கள். பக்கத்தையும் பாட்டு மூச்சு விடும் இடத்தில் முடியுங்கள்.