பெரிய எழுத்தும் கவிதைக் குறியீடும்: சாம்பியன் ரீப்ஸ் என்னும் பெயரை முன்வைத்து

1. முன்னுரை

ஆங்கில எழுத்துமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சிறியது என இரு வடிவங்கள் உண்டு. தமிழ் எழுத்துமுறையில் இவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலக் கவிதையில் பெரிய எழுத்து உணர்த்தும் பொருளைத் தமிழாக்கத்தில் எவ்வாறு காப்பது என்பது மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலாகும். ஓர் ஊர்ப்பெயரின் துணைகொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

2. ஊர்ப்பெயர் தரும் சான்று

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்று சாம்பியன் ரீப்ஸ். சுரங்கத் தொழிலில் 'ரீப்' என்பது பொன் பொதிந்த கல் நாளத்தைக் குறிக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்க வழக்கில், பல நாளங்களுள் முதன்மையானதைச் சுட்டச் 'சாம்பியன்' என்னும் அடை வழங்கியது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் பணி தொடங்கிய பின்னர், கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரும் இங்கு வந்தனர். நாளம், சுரங்கம், ஊர் ஆகிய மூன்றும் இன்று ஒரே பெயரால் அறியப்படுகின்றன. புகைவண்டி நிலையத்தின் பெயரோ 'சாம்பியன்' என்ற அளவில் நின்றுவிடுகிறது.

ஆங்கிலத்தில் இத்தொடரைச் சிறிய எழுத்தில் எழுதினால் முதன்மை நாளம் என்னும் பொதுப்பெயர். பெரிய எழுத்தில் எழுதினால் இவ்வூர் அல்லது இச்சுரங்கம் என்னும் சிறப்புப்பெயர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. விளையாட்டுச் செய்திகளின் வழியே 'சாம்பியன்' என்ற சொல்லை அறிந்த வாசகர், வெற்றியாளர் என்ற பொருளையே இப்பெயரில் காணவும் கூடும்.

3. பெரிய எழுத்தின் மூவகை

கவிதையில் வரும் பெரிய எழுத்தை மூவகைப்படுத்தலாம். அடியின் முதலில் வருவது அச்சு மரபு. ஊர், ஆள் முதலியவற்றின் பெயரில் வருவது இலக்கண விதி. இவ்விரண்டும் அல்லாத இடத்தில் பொதுப்பெயருக்கு வருவதே கவிஞரின் தேர்வு. குறியீட்டுப் பொருளுக்கு இடமளிப்பதும் இதுவே. எனினும் இதனையும் காலத்தோடு பொருத்தியே நோக்குதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூல்களில் பொதுப்பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது பெருவழக்காக இருந்தது. அங்கு அதனைக் குறியீடாகக் கொள்வது பிழையாகும்.

எமிலி டிக்கின்சன் தம் கையெழுத்துப் படிகளில் பொதுப்பெயர் பலவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கினார். 1890இல் வெளிவந்த முதற்பதிப்பு அவற்றைப் பொதுவழக்கிற்கேற்ப மாற்றியது. தாமஸ் ஜான்சனின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பே அவற்றை மீட்டளித்தது. எனவே எப்பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கப்படுகிறது என்பதும் பொருளைத் தீர்மானிக்கும் ஒரு கூறாகிறது.

4. தமிழின் ஈடுகள்

எழுத்துவடிவில் தமிழுக்கு இல்லாததைத் திணைப் பாகுபாடு ஓரளவு ஈடுசெய்கிறது. காலம், உலகம், உயிர் முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளன ஆயினும் பால் பிரிந்து இசையா எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கிறது. ஈறு திரிந்தவழி இவை உயர்திணை முடிபு கொள்ளும் என்பர் உரையாசிரியர். காலம் என்பது காலன் ஆவது இவ்வாறே.

ஆயின் இவ்வழியில் இடர் ஒன்று உண்டு. காலன் என்பது தமிழில் சாவின் தெய்வம். காலத்தை ஆளாக்கும் ஆங்கிலக் கவிதையில் இச்சொல்லைப் பெய்தால் பொருள் மாறிவிடும். டிக்கின்சன் கவிதையொன்றில் மரணம் வண்டியில் வரும் பண்பாளர். அவரை எமன் என்றால் பாசக்கயிறும் எருமையும் வாசகர் மனத்தில் தோன்றும். பெயரை மாற்றாது வினைமுற்றை மட்டும் உயர்திணையாக்கி 'மரணம் வந்தார்' என்பது இவ்விடரைத் தவிர்க்கும். பெயருக்கும் வினைக்கும் உள்ள திணை முரணே அங்குப் பெரிய எழுத்தின் பணியைச் செய்கிறது.

5. முடிவுரை

கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அம்மூடலைப் பாடும் ஆங்கிலக் கவிதையொன்றில், அடியின் நடுவே 'ரீப்' பெரிய எழுத்தில் வருவதாகக் கொள்வோம். 'ரீப்பில் ஆளில்லை' என்றால் இடம். 'ரீப் வற்றியது' என்றால் நாளம். 'ரீப் எங்களைக் கைவிட்டாள்' என்றால் குறியீடு. ஆங்கிலக் கவிஞர் மூன்றையும் ஓர் எழுத்தில் அடக்கிவிடலாம். தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒன்றைத் தேர்ந்துவிடுகின்றன. பெரிய எழுத்து மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கப்படும் வினா; அதற்குரிய விடையைத் தமிழ் இலக்கணத்திலேயே தேடுதல் வேண்டும்.